இஞ்ஞாசிக்குக் காய்ச்சல்

தோணி முங்கிச் செத்துப்போன மூன்று பேர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாட்டு வாசித்துவிட்டுப் போவதை அந்தத் துறைமுக ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லறைத் திருநாள் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பங்கு மண்டபத்துக்கு அவர்கள் வருவார்கள், ஐந்தரைக்குப் போய்விடுவார்கள். ஐந்தரைக்கு மேல் அங்கே ஜெபமாலை. உயிரோடு இருந்த காலத்தில் பங்குச் சாமியார் அவர்களுக்கு மண்டபத்தை அந்த நேரத்துக்குத்தான் விட்டிருந்தார். செத்த பிறகும் பையன்கள் அந்த ஒழுங்கை மீறியதில்லை என்பதில் ஊருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

கிட்டார் வாசிப்பவன் ஹெர்மன் கர்டோசா, பாடுபவன் ஜூலியன் மிராண்டா, தடித்த நரம்புள்ள பேஸ் கிட்டாரைத் தொடைவரை தொங்கவிட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் நிற்பவன் தொபியாஸ். நான்காவதாக டிரம்ஸ் வாசித்தவன் இஞ்ஞாசி வாஸ். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் மாற்றாக விட்டுப்போன கீறல் விழுந்த ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கிட்டார் கதறுகிற கதறலும் அந்தத் தொண்டை கிழிகிற கிழிசலும் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த தங்களுக்கும் வரும் என்று நம்பி, நாலு பேரும் சேர்ந்து ‘ஃபோர் ஆங்கர்ஸ்’ என்று பெரிய டிரம்மின் தோலில் பெயிண்டில் எழுதிக்கொண்டார்கள். கொழும்பில் ஒரு ஓட்டல்காரர் இரண்டு வாரம் வந்து வாசிக்கச் சொன்னார். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போன தோணியில் மூன்று பேர் ஏறினார்கள். இஞ்ஞாசிக்குக் காய்ச்சல் என்று அவன் மட்டும் ஏறவில்லை. தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. வெங்காயம் மட்டும் நாலு நாள் கழித்து ஊரின் தென்கரையில் ஒதுங்கியது, அந்த வருஷம் யாரும் வெங்காயம் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போக, கல்லறை இல்லாத மூன்று பிள்ளைகளின் தாய்மார்கள் எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் கடலைப் பார்த்து மணலில் ஏற்றி, அது காற்றில் அணைய அணைய மறுபடி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார்கள். அதை அடுத்த சனிக்கிழமைதான் அந்த மூவரும் முதல் தடவை வந்தார்கள். உடம்பில் ஈரம் இல்லை, பாசி இல்லை; போனபோது போட்டிருந்த அகலக்கால் பேன்ட், கழுத்தில் சிலுவை, ஹெர்மனின் இடது ஷூவில் அதே கிழிசல். மேடை ஏறி ஒயரைச் சொருகினார்கள். ஹெர்மன் காலியாகக் கிடந்த டிரம்ஸ் முக்காலியைப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பையனிடம், “இஞ்ஞாசி வந்தானா?” என்று கேட்டான்.

ஜூலியனின் அம்மா சேதி கேட்டுச் சட்டியோடு ஓடிவந்தாள். வரும் வழியெல்லாம் அழுதவள் மண்டபத்து வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எறால் பொரியல் பிசைந்த சோற்றை உருட்டி மகன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவன் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அவள் கூப்பிட்டாள், தோளை உலுக்கினாள். காற்று வீசினால் சட்டையைச் சரிசெய்வதுபோல அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டான். கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் சட்டியை வாங்கி நீட்ட, ஜூலியன் ஒரு கை வாயில் போட்டுவிட்டு, எங்கம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு, யார் வீட்டுச் சோறு என்று கேட்டான். அவள் செத்துப்போகும்வரை பதினாறு வருஷம் அப்படித்தான் யாராவது ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து மகனுக்கு ஊட்டினாள்.

இருபத்தைந்தைத் தாண்டியவர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவர்கள் காதுக்குக் கேட்பதுமில்லை என்பதை ஊர் இப்படித்தான் கண்டுகொண்டது. கண்டுகொண்டபின் அதை உபயோகிக்கவும் கற்றுக்கொண்டது. மாப்பிள்ளைக்கு இருபத்துநாலுதான் என்று சாதித்த ஒரு குடும்பத்தை, பெண்ணின் தாய்மாமன்மார் நாலு பேர் மண்டபத்துக்கு அழைத்துவந்து, மாப்பிள்ளையை ஜூலியனுக்கு முன்னால் நிறுத்தி, “தம்பி, மணி என்னன்னு கேளுங்க” என்றார்கள். மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டான், ஜூலியன் கொட்டாவி விட்டான், கல்யாணம் நின்றது. முதல் தடவையாக அவர்கள் கண்ணுக்குத் தப்பிப்போகிற வருஷத்தை ஊரில் ‘கண்ணை விட்ட வருஷம்’ என்றார்கள். அந்த வயதுக்காரர்கள் பாட்டின் நடுவிலேயே எழுந்துபோய்க் கிணற்றடியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்ஷூரன்ஸைப் பற்றியும் மனைக்கட்டைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார்கள். துறைமுகத்தில் அன்றைக்கு அரைநாள் லீவு கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒலிபெருக்கியைக் கோயில் பக்கம் திருப்பக்கூடாது, மேடையில் செருப்போடு ஏறலாம் என்று சாமியார் ஒரு அட்டையில் எழுதி மாட்டினார். ஐந்து சாமியார்கள் மாறியும் அந்த அட்டை மாறவில்லை.

பிள்ளைகள் மட்டும் குறையவே இல்லை, அதுதான் பெரியவர்களுக்குப் புரியாத விஷயம். கேசட் வந்தது, சிடி வந்தது, உலகத்துப் பாட்டெல்லாம் உள்ளங்கைக்குள் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாக மீசை அரும்பியதுகளும் புதிதாகத் தாவணியை உதறியதுகளும், தங்கள் அப்பன்கள் பிறக்கும் முன்பே கலைந்துபோன வெள்ளைக்காரக் குழுக்களின் பெயர் போட்ட கறுப்பு பனியனை மாட்டிக்கொண்டு, ஒரு மணிக்கே வந்து தரையில் உட்கார்ந்துவிடும். அந்த மூவருக்கும் மொத்தம் ஏழு பாட்டுதான் வாசிக்கத் தெரிந்தது. ஏழையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். காது கெட்டுப்போச்சு என்றார் டாக்டர். வீட்டில் கண்டிப்பில்லை என்றார் தலைமையாசிரியர். இப்போதைய சாமியாருக்கோ இருபத்தேழு வயதுதான், இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டிருந்தது.

தாளம் இல்லாமல் அந்த மூவரால் ஆரம்பிக்க முடியாது என்பதால், இஞ்ஞாசியின் முக்காலியில் வருஷத்துக்கு ஒரு பிள்ளை சீட்டுக் குலுக்கி உட்காரும். உட்கார்ந்ததும் ஹெர்மன் அந்தக் கேள்வியைக் கேட்பான். ஐந்தாவதோ ஆறாவதோ வருஷம் ஒரு பையன் வாய் தவறி, இஞ்ஞாசி வரமாட்டான் என்று சொல்லிவிட்டான். மூவரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மேடைப் படியில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். இரண்டரை மணிநேரம் ஒரு சத்தம் இல்லை. இவர்கள் பாட்டுக்காக வரவில்லை, இஞ்ஞாசிக்காகக் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும்வரைதான் வருவார்கள் என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு முக்காலியில் உட்காருகிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே பதிலைத்தான். இஞ்ஞாசி வந்தானா என்று கேட்டால், வந்துக்கிட்டு இருக்கான் என்று சொல்ல வேண்டும். ஹெர்மன், “சரி, வரட்டும்” என்பான். பாட்டு ஆரம்பிக்கும்.

இவ்வளவும் நடக்கும்போது இஞ்ஞாசி அந்த மண்டபத்திலேயேதான் இருந்தார். கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத மூலையில், நாற்பத்தெட்டு வருஷமும்.

முதல் ஐந்து வருஷம் அவன் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற வயசுதான். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். ஒரு தடவை மேடைப் படிவரை போனான், அங்கிருந்தே திரும்பிவிட்டான். காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும், பிற்பாடு கட்டிக்கொண்ட செலஸ்டினுக்குக்கூட அவன் அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இல்லை. திங்கட்கிழமை துறைமுக ஆபீசில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ இருந்தது. கொழும்புக்குப் போனால் அது போய்விடும், அதை நண்பர்களிடம் சொல்ல வெட்கம். எனவே கம்பளியை இழுத்துப் போர்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தான். ஹெர்மன் வந்து கட்டிலில் உட்கார்ந்து புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்து, “ஆமா, நல்லாக் கொதிக்குது. படுத்துக்கோ, நாங்க போயிட்டு வாறோம்” என்றான். ஏமாந்துவிட்டான் என்று இஞ்ஞாசி கம்பளிக்குள் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும். வேலை கிடைத்தது. முப்பத்தேழு வருஷம் கப்பல் காகிதங்களில் முத்திரை குத்தினார். குச்சியை மட்டும் அதற்குப் பிறகு தொடவில்லை.

கடைசி வரிசையிலிருந்து வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் மூவரும் ஒரு நொடி தடுக்கி, ஒருவர்மேல் ஒருவர் மோதி, அப்புறம் ஒன்றுசேர்ந்து பாய்வார்கள். அந்தத் தடுக்கலுக்குத்தான் பிள்ளைகள் எழுந்து நின்று கத்துவார்கள். ஊரில் முளைத்த ஏழெட்டுக் குழுக்களும் அதை அப்படியே பழகி, எந்தப் பாட்டையும் தடுக்கித்தான் ஆரம்பித்தார்கள், அது ‘ஆங்கர்ஸ்’ பாணி என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அது பாணி இல்லை. சின்ன வயசில் இஞ்ஞாசிக்குத் திக்குவாய். குச்சியைத் தட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணும்போது ‘த்ரீ’ தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அதைச் சொல்லாமல், குச்சியும் தட்டாமல், அந்த இடத்தில் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு ‘ஃபோர்’ என்பான். மற்ற மூவரும் அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து பழகியவர்கள். ஊர்ப் பிள்ளைகள் ஒழுங்காக நாலையும் எண்ணினார்கள், எனவே செத்தவர்கள் நாற்பத்தெட்டு வருஷம் தடுக்கினார்கள்.

நாற்பத்தெட்டாவது வருஷம் ஐப்பசியில் இதயத்தில் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொன்னார். அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற பக்கம் நிற்போமா, ஏற்றப்படுகிற பக்கம் கிடப்போமா என்று தெரியாமல் இஞ்ஞாசி வீடு வந்தார். சாவதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த மூவரும் ஒரே ஒரு தடவை, ஒரு பாட்டு நேரத்துக்காவது, அந்த முக்காலியைப் பார்த்து இஞ்ஞாசி வந்துவிட்டான் என்று நினைக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சீட்டு அந்த வருஷம் ரென்சிக்கு விழுந்திருந்தது. உப்பு லாரி ஓட்டுகிறவரின் மகள், பத்தொன்பது வயசு, பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டுத் தானாகவே தட்டிப் பழகியவள். தை மாதம் எறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்வதாகப் பேசி முடித்திருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் அவளைப் பார்த்து, மக்ரூன் வாங்கிக் கொடுத்து, பேச்சோடு பேச்சாக அந்தக் கணக்கை இஞ்ஞாசி சொல்லிவிட்டார். மூன்றை முழுங்கிவிடு, மூச்சை மட்டும் இழு. அவள் மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாள்.

“அப்ப இவ்வளவு வருஷமா எல்லாரும் தப்பாவா ஆரம்பிச்சாங்க? எங்களுக்கு அந்தத் தடுக்கல்தான தாத்தா பிடிக்கும்.”

இந்தச் செத்தவங்க பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்விதான்.

அவள் மக்ரூனைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். “போன்ல வாற பாட்டெல்லாம் என்னமாவது வாங்கச் சொல்லுது, இல்லன்னா அழகா இருக்கச் சொல்லுது. இது ஒண்ணும் சொல்லல, சும்மா கெடந்து கத்துது. எனக்கும் கத்தணும்போலதான் இருக்கு, எங்க வீட்ல கத்த எடமில்ல. அப்புறம், எங்களுக்கு மூத்தவங்க எல்லாரும் மூத்தவங்களாவே ஆயிட்டாங்க தாத்தா. இவங்க மட்டும்தான் ஆகல.”

இந்தக் கணக்கைக் கேட்டு அவர்கள் இஞ்ஞாசி வந்துவிட்டதாக நம்பினால், காத்திருப்பது முடிந்து, அப்புறம் வராமலே போகக்கூடும் என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. பிள்ளைகளின் பாட்டு போனால் போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதை நினைக்காமல் பார்த்துக்கொண்டார். பேக்கரிக்காரன் சில்லறை கொடுத்ததைக்கூட வாங்க மறந்து, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை மேகமூட்டமாக இருந்தது. மூன்று அடிக்கும்போது மேற்குக் கதவு வழியாக மூவரும் வந்து, ஒயரைச் சொருகி, நரம்பைத் திருகினார்கள். ஹெர்மன் கேட்டான். ரென்சி, வந்துக்கிட்டு இருக்கான் என்றாள். சரி, வரட்டும் என்றான். அவள் குச்சியைத் தூக்கி, “ஒன், டூ” என்று தட்டி, மூச்சை இழுத்து, “ஃபோர்” என்றாள்.

மூவரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். தடுக்கல் இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக ஒட்டாமல் கிடந்தது ஒட்டிக்கொண்டதில் மண்டபத்து ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது, கத்துவதற்கு வாயைத் திறந்த பிள்ளைகள் எந்த இடத்தில் கத்துவது என்று தெரியாமல் திறந்தபடியே நின்றார்கள். ஹெர்மன் வாசித்துக்கொண்டே திரும்பினான், முக்காலியைப் பார்த்தான், அவன் முகம் முழுக்க விரிந்தது. “இப்பத்தான் வர நேரம் கெடச்சுதாலே ஒனக்கு?” என்றான். கடைசி வரிசையில் இஞ்ஞாசி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

அன்றைக்கு ஏழு பாட்டோடு நிற்கவில்லை. கொழும்புக்கென்று கட்டிவைத்திருந்த பாட்டுகளை எல்லாம், ஊர் அதுவரை கேட்டிராததை எல்லாம், அப்பாவின் பெல்ட்டைப் பற்றி ஒன்று, உப்பு வெயிலில் கண் கெட்ட குதிரையைப் பற்றி ஒன்று, வராத ரயிலைப் பற்றி ஒன்று என்று வாசித்துத் தள்ளினார்கள், ரென்சி எங்கேயும் கற்றுக்கொள்ளாத தாளங்களை எல்லாம் கை தானாக அறிந்ததுபோல வாசித்தாள். ஐந்தேகாலுக்கு ஜெபமாலைக்கு முதல் மணி அடித்தது. மற்ற வருஷங்களில், நல்லா வாசிச்ச தம்பி, வாறோம் என்று சொல்லிவிட்டுக் கிழக்குக் கதவு வழியாகக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். இந்தத் தடவை தொபியாஸ் வந்து, டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தான். ஹெர்மன் ரென்சியின் தோளில் தட்டி, “எந்திரி. தோணிக்கு நேரமாச்சு” என்றான்.

ரென்சி எழுந்தாள். மயக்கமும் இல்லை, வசியமும் இல்லை, கூப்பிட்டார்கள் என்று எழுந்தாள். அந்த வயசுவரை அவளை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பொறாமையோடு பார்த்தார்கள். இஞ்ஞாசிக்கு அப்போதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது புரிந்தது. அவர் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஹெர்மனின் குறுக்கே நின்று, அது நானில்லடே, நான் இங்க நிக்கேன் என்று கத்தினார். ஹெர்மன் அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்து, மழை வருமோ என்றான். இஞ்ஞாசி மேடையில் ஏறி ரென்சியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போகாத. அந்தத் தோணி முங்கிரும்.”

“தெரியும் தாத்தா. விடுங்க.”

“காய்ச்சல்னு சொல்லு. சொன்னா விட்டுருவாங்க.”

“எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே.”

“அன்னைக்கு எனக்கும் இல்ல” என்றார் இஞ்ஞாசி.

நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அது அவர் வாயிலிருந்து வந்தது. ரென்சி அவரைப் பார்த்தாள். ஊரே காய்ச்சல் வந்ததால் பிழைத்தவர் என்று சொல்லிக் காட்டிய கிழவரை, செத்த மூவரையும்விட அதிகமாகச் செத்துப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். எதை எடுப்பது என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. வாசலில் அவள் அப்பா லாரியை நிறுத்திவிட்டு, மகளைக் கூட்டிப்போக ஹாரன் அடித்தார்.

“எனக்குக் காய்ச்சலா இருக்கு” என்றாள் ரென்சி, ஹெர்மனிடம்.

கதவுவரை போயிருந்த ஹெர்மன் திரும்பி வந்தான். புறங்கையை அவள் நெற்றியில் வைத்தான். அன்றைக்கு இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டிருந்தான், கை பட்டதும் குரல் கேட்டதும்தான் அவனுக்குத் தெரியும். இப்போது ஒரு முழ தூரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். அவள் நெற்றி வேர்த்துக் குளிர்ந்து கிடப்பது அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஹெர்மனுக்கும் தெரிந்தது. அவன் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் வந்தது, அடுத்த கணம் அதை அவனே மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். கோபமே இல்லை. ரயிலில் ஏறாத ஒருத்தனை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆமா, நல்லாக் கொதிக்குது. படுத்துக்கோ, நாங்க போயிட்டு வாறோம்” என்றான். தொபியாஸ் பித்தளைத் தட்டுகளைத் துணியோடு கீழே வைத்தான். மூவரும் போனார்கள். ஐந்தரைக்கு ஜெபமாலை நடந்தது.

அன்றைக்கும் ஹெர்மன் தெரிந்துதான் விட்டுப் போயிருக்கிறான். மன்னிப்பு அன்றைக்கே, அந்தக் கட்டிலிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது, இவர்தான் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்காமல் விட்டார். அந்த ஐந்து வருஷத்தில் என்றைக்காவது ஒருநாள் தூணை விட்டு வெளியே வந்திருந்தால், ஒரு வார்த்தை கேட்காமல் குச்சியைக் கையில் கொடுத்திருப்பார்கள். இஞ்ஞாசி வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்தார். மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு கிடைத்துவிட்டது, அதை இனிமேல் எங்கே கொண்டு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தான் பிழைத்துக் கிடந்ததில் ஒரு அர்த்தமும் இல்லை என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ரென்சி தை மாதம் எறால் கம்பெனியில் சேர்ந்தாள். பெயிண்ட் டப்பாக்களைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான். அவள் இஞ்ஞாசியைத் தெருவில் பார்த்தால் பேசவும் மாட்டாள், விலகவும் மாட்டாள். கிழவர் பேராசைப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டார், இனிமேல் அவர்கள் வரமாட்டார்கள் என்று பிள்ளைகள் சுவர்களில் கரியால் எழுதினார்கள். இதயத்துக் கதவு மூடாமலேயே ஒரு வருஷம் ஓடியது, அதிலும் அவருக்கு ஒரு நன்றியும் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அடுத்த சனிக்கிழமை மண்டபம் நிறைந்து, வெளியே கிணற்றடிவரை ஆள் நின்றது. இஞ்ஞாசி தன் மூலையில் போய் உட்கார்ந்தார். கம்பெனி நீலச் சட்டையோடு, கையில் எறால் வாடையோடு ரென்சி வந்து, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர்கள் கண்ணில் படுகிற வருஷம் அவளுக்கு இன்னும் ஐந்து இருந்தது. முன்னால் போய் உட்கார வேண்டியவள்தான்.

மூன்று மணிக்கு மேற்குக் கதவு திறந்தது. மூவரும் வந்தார்கள். ஒயரைச் சொருகினார்கள். முக்காலியில் ஆல்வின் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன், பதிலை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தயாராக இருந்தான். ஹெர்மன் அவனிடம் திரும்பி, நாற்பத்தொன்பது வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

“இஞ்ஞாசிக்குக் காய்ச்சல் விட்டுதா?”

இதற்கு ஊரில் பதில் கிடையாது. ஆல்வின் முழித்தான். அவன் மண்டபத்தைப் பார்க்க, மண்டபம் முழுக்க மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. விட்டுருச்சு என்று சொன்னால் இஞ்ஞாசியை இன்றைக்கே தோணிக்குக் கூட்டிப்போகக் காத்திருப்பார்கள், அவன் வராவிட்டால் படியில் முதுகு காட்டி உட்காருவார்கள், இல்லை எழுந்தே போய்விடுவார்கள். அவ்வளவு பேர் முகத்திலும் அந்தப் பயம் இருந்தது. இஞ்ஞாசி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, பழைய திக்கல் தொண்டையில் வந்து நின்றுவிட்டது.

ரென்சி கையை நீட்டி, எறால் வாடையடிக்கிற புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். அது சில்லென்று இருந்தது. அவள் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“கொதிக்குதுன்னு சொல்லுலே” என்றாள், மேடையைப் பார்த்து.

கொதிக்குதாம் என்றான் ஆல்வின். “சரி, படுத்துக் கெடக்கட்டும்” என்றான் ஹெர்மன். பையன் குச்சியைத் தூக்கி நாலையும் ஒன்றுவிடாமல் எண்ணினான், மூவரும் தடுக்கி, மோதி, ஒன்றுசேர்ந்து பாய்ந்தார்கள், மண்டபம் எழுந்து நின்று கத்தியது. ரென்சியின் கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டார்.